ஒரே கோலம், இரு மீன்கள்: பவளப்பாறையின் துப்புரவு மீனைப் போலியிடமிருந்து பிரித்தறிவது எப்படி?

லட்சத்தீவின் காயல்களிலும் அந்தமான் தீவுகளின் பவளப்பாறைகளிலும் முகமூடி அணிந்து மிதக்கும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் தவறாமல் காணும் சிறுமீன் ஒன்று உண்டு. விரல் நீளமே இருக்கும். முகத்தில் தொடங்கிக் கண் வழியாக வால் நுனி வரை செல்லும் கறுப்புப் பட்டை, அதன் இருபுறமும் வெண்மையும் நீலமும் கலந்த உடல். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய களவா மீனின் திறந்த வாய்க்குள் அது அச்சமின்றி நுழைந்து வெளியேறும் காட்சி, கடலடிப் புகைப்படக் கலைஞர்களுக்கு மிகவும் விருப்பமானது.

‘கிளீனர் ராஸ்’ என்று அழைக்கப்படும் துப்புரவு மீன் இது. ஆனால், அதே அளவில், அதே பட்டையுடன், அதே நிறத்தில் வேறொரு மீனும் அதே பாறைகளில் நீந்துகிறது. அது துப்புரவு செய்வதில்லை. நம்பி அருகில் வரும் மீனின் துடுப்பைக் கடித்துவிட்டு ஓடிவிடும். இரண்டும் உறவினர்கள் அல்ல. ஒன்று ராஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றொன்று பிளென்னி குடும்பத்தைச் சேர்ந்தது. படம் எடுத்தவர்கள், மீன் தொட்டிக்கு விலை கொடுத்து வாங்கியவர்கள், பாறைகளில் மீன்களைக் கணக்கெடுக்கச் சென்றவர்கள் என அனைவருமே இந்த இரண்டில் ஒன்றை மற்றொன்றாகக் கருத வாய்ப்புண்டு. நிறத்தை வைத்துத் தேடும் வரை விடை கிடைக்காது என்பதே இதிலுள்ள சிக்கல்.

யார் இந்தத் துப்புரவு மீன்?

அறிவியல் உலகில் இதன் பெயர் லாப்ராய்டிஸ் டிமிடியேடஸ். செங்கடலிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் தொடங்கி இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் எங்கும் பவளப்பாறைகள் உள்ள வெப்பக் கடல்களில் பரவி வாழ்கிறது. அதிகபட்சமாக 14 சென்டிமீட்டர் வரை வளரும். இந்தியாவில் பவளப்பாறைகள் முதன்மையாக நான்கு பகுதிகளில் உள்ளன: கட்ச் வளைகுடா, பாக் நீரிணையுடன் கூடிய மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் நிகோபார் தீவுகள். இவற்றுள் மன்னார் வளைகுடாவிலும் இரு தீவுக் கூட்டங்களிலும் இம்மீன் வாழ்கிறது.

இதன் தொழில் எளிமையானது. பாறையின் குறிப்பிட்ட ஓரிடத்தை ‘நிலையமாக’ வைத்துக்கொண்டு அங்கேயே காத்திருக்கும். உடலில் ஒட்டுண்ணிகள் ஏறிய மீன்கள் அந்த இடத்தைத் தேடி வரும். வந்த மீன் அசையாமல் நின்று, துடுப்புகளை விரித்து, செவுள் மூடியைத் திறந்து காட்டும். சில மீன்கள் தலைகீழாக நிற்கும். சில மீன்களின் நிறமே சற்று மாறும். துப்புரவு மீன் அவற்றின் செதில்களிலும் செவுள்களிலும் வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள லிசார்ட் தீவில் அலெக்ஸாண்ட்ரா குருட்டர் நடத்திய ஆய்வில், ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பது தெரியவந்தது. அதற்காக அது நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை வாடிக்கை மீன்களை அணுகுகிறது.

இதே மீன் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு காரணத்துக்காகவும் செய்திகளில் இடம்பெற்றது. 2019ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இம்மீனின் தொண்டைப் பகுதியில் ஒட்டுண்ணி போன்ற பழுப்புப் புள்ளி ஒன்றை இட்டு, கண்ணாடி முன் விட்டனர். கண்ணாடியில் புள்ளியைக் கண்ட மீன்கள் தம் தொண்டையைத் தரையில் உரசித் தேய்த்தன. தன் உருவத்தைத் தானே அறியும் திறன் மீனுக்கும் உண்டா என்ற விவாதம் அதிலிருந்து இன்றும் தொடர்கிறது.

போலியின் வரலாறு

போலி மீனின் பெயர் அஸ்பிடோன்டஸ் டேனியேடஸ். சுமார் 11.5 சென்டிமீட்டர் வரை வளரும். இந்தியப் பெருங்கடலில் வாழும் வடிவத்தை அஸ்பிடோன்டஸ் டிராக்டஸ் என்ற தனி இனமாகப் பிரிக்கும் வகைப்பாட்டியலாளர்களும் உண்டு. அறிவியல் ஏடுகளில் போலியே முந்திக்கொண்டது என்பது வேடிக்கையானது: போலிக்கு 1834ஆம் ஆண்டிலேயே பெயர் சூட்டப்பட்டது, உண்மையான துப்புரவு மீன் ஐந்து ஆண்டுகள் கழித்து, 1839இல்தான் விவரிக்கப்பட்டது. அப்போது இவை அருங்காட்சியகத்தின் சாராயக் குடுவைகளில் நிறம் வெளுத்துக் கிடந்த இரு வேறு மீன்கள் மட்டுமே. ஒன்று மற்றொன்றைப் போல வேடமிடுகிறது என்று எவரும் ஐயுறக் காரணமில்லை.

நீருக்கடியில் சுவாசக் கருவியுடன் நீந்தும் வசதி பரவிய பின்னரே வேடம் வெளிப்பட்டது. ஆஸ்திரிய விலங்கியலாளர் இரெனியஸ் ஐபில்-ஐபெஸ்ஃபெல்ட் 1950களில் இவ்விரு மீன்களின் நடத்தையை விவரித்தார். துப்புரவு மீன்கள் வாடிக்கையாளர்களை ஈர்க்க, உடலை மேலும் கீழுமாக அசைத்து ஒருவகை ‘நடனம்’ ஆடும். போலியும் சில வேளைகளில் அதே போல் ஆடுகிறது. அதை நம்பி அசையாமல் நிற்கும் மீனின் துடுப்பிலிருந்து ஒரு துண்டு பறிபோகிறது.

முதலில் வாயைப் பாருங்கள்

இரண்டையும் பிரித்தறிய மிகவும் நம்பத்தக்க அடையாளம் வாய். துப்புரவு மீனின் வாய் முகத்தின் நுனியிலேயே, நேர் முன்னோக்கி அமைந்துள்ளது. உதடுகள் தடித்தவை. சிறு இடுக்கியால் பொறுக்குவது போல ஒட்டுண்ணியை எடுக்க இந்த அமைப்பே உதவுகிறது. போலியின் மூக்குப் பகுதி கூம்பு போல முன்னே நீண்டிருக்கும். வாய் அதன் அடியில், சுறாவுக்கு இருப்பது போலக் கீழ்ப்புறமாக அமைந்திருக்கும். பக்கவாட்டில் எடுத்த தெளிவான படம் ஒன்று கையில் இருந்தால், இந்த ஒரு அடையாளமே பெரும்பாலும் போதும்.

போலியின் கீழ்த்தாடையில் வளைந்த பெரிய கோரைப் பற்கள் இரண்டு உள்ளன. இவற்றை வைத்தே இதன் உறவினக் கூட்டத்துக்கு ‘வாள்பல் பிளென்னி’ என்ற பெயர் வந்தது. ஆனால், நீரில் இருக்கும்போது அவை கண்ணுக்குத் தெரியா. வாயைத் திறந்து பார்க்கும் நிலையில் உள்ளவர்களுக்கே அந்த அடையாளம் பயன்படும்.

அடுத்தது துடுப்பு. போலியின் முதுகுத் துடுப்பு பிடரியிலேயே தொடங்கி, வால் வரை இடைவெளியின்றி நீண்ட நாடா போல ஓடும். வயிற்றின் அடியில் உள்ள குதத் துடுப்பும் உடலின் முன்பாதியிலேயே தொடங்கி வால் வரை நீளும். அதில் 25க்கும் மேற்பட்ட கதிர்கள் இருக்கும். துப்புரவு மீனின் குதத் துடுப்பு குட்டையானது; உடலின் நடுப்பகுதியை ஒட்டித் தொடங்கும்; மூன்று முட்களும் பத்து அல்லது அதையொட்டிய எண்ணிக்கையில் கதிர்களும் மட்டுமே கொண்டது. துடுப்புகள் விரிந்த நிலையில் படம் கிடைத்தால், முதுகுத் துடுப்பைவிடக் குதத் துடுப்பை ஒப்பிடுவது எளிது. இறந்த மீனைக் கையில் வைத்துப் பார்ப்பவர்கள் தோலையும் தடவிப் பார்க்கலாம். துப்புரவு மீனுக்குச் சிறு செதில்கள் உண்டு; போலியின் தோலில் செதிலே கிடையாது.

நீந்தும் விதமும் வேறுபடும். ராஸ் மீன்கள் பொதுவாக இரு மார்புத் துடுப்புகளையும் துடுப்பு வலிப்பது போல அசைத்து முன்னேறுபவை; உடல் நேராகவே இருக்கும். போலி, வேடத்தை மறந்து விரைந்து ஓடும் தருணத்தில், உடலையே பாம்பு போல நெளித்து நீந்தும். தங்குமிடமும் காட்டிக்கொடுக்கும். புழுக்கள் விட்டுச்சென்ற குழாய்களிலும் பாறையின் சிறு துளைகளிலும் போலி பின்பக்கமாக நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். பகலில் துப்புரவு மீன் இவ்வாறு பதுங்கி உட்காருவதில்லை. இரவில் அது பாறை இடுக்குக்குள் சென்று, தன்னைச் சுற்றிச் சளியால் ஆன உறையொன்றை உருவாக்கிக்கொண்டு உறங்கும்.

மொத்தத்தில், நிறமும் பட்டையும் எதையும் நிரூபிப்பதில்லை. அவையே வேடத்தின் பகுதிகள். எனினும், பல வழிகாட்டிப் பலகைகளும் சுவரொட்டிகளும் இன்றும் ‘கறுப்புப் பட்டையுடைய நீலநிறச் சிறுமீன்’ என்று மட்டுமே விவரித்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அந்த விவரிப்புக்கு இரண்டு மீன்களும் சம அளவில் பொருந்தும்.

கடிப்பதை வைத்து முடிவு செய்யலாமா?

‘வாடிக்கை மீன் துள்ளி விலகினால் அது போலி’ என்று சில முக்குளிப்போர் கூறுவதுண்டு. இது முழுமையான சோதனையன்று. ஏனெனில், உண்மையான துப்புரவு மீனும் ஏமாற்றும்.

ஒட்டுண்ணியைவிட மீன்களின் உடலைப் போர்த்திய சளியே துப்புரவு மீனுக்கு அதிகம் பிடித்த உணவு என்று குருட்டரும் சுவிட்சர்லாந்தில் பணியாற்றும் ரெடவான் ப்ஷாரியும் 2003இல் காட்டினர். வாய்ப்புக் கிடைக்கும்போது அது சளியைக் கடித்துவிடும். கடிபட்ட மீன் உதறிக்கொண்டு துள்ளும். சில நேரங்களில் துரத்தவும் செய்யும். இதனால் துப்புரவு மீனுக்கு நேர்மையாக இருக்க வேண்டிய கட்டாயமும் உண்டு. அருகில் வேறு வாடிக்கை மீன்கள் காத்திருந்து பார்த்துக்கொண்டிருந்தால், அது கூடுதல் ஒழுங்குடன் நடந்துகொள்வதாக இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. கடைக்காரர் ஒருவர் வரிசையில் நிற்பவர்களின் கண்முன் எடையில் கைவைக்கத் தயங்குவதோடு இதை ஒப்பிடலாம்.

ஆகவே ஒரு துள்ளல் எதையும் உறுதிப்படுத்தாது. ஒரே மீனைச் சில நிமிடங்கள் தொடர்ந்து கவனிப்பது பயன் தரும். துப்புரவு மீன் ஒரே வாடிக்கையாளரின் உடலை நெடுநேரம் சுற்றிச் சுற்றி ஆராயும். மார்புத் துடுப்புகளால் அதன் மேனியைத் தடவிக்கொடுக்கும். போலி அணுகுவது, பறிப்பது, விலகுவது அனைத்தும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

போலி உண்மையில் எதைத் தின்கிறது?

பாடநூல்களில் இந்தப் போலி, ஏமாற்றிக் கடித்தே உயிர் வாழும் மீனாகவே சித்திரிக்கப்படுகிறது. அந்தச் சித்திரத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் கணிசமாகத் திருத்தியுள்ளனர். 1983ஆம் ஆண்டிலேயே தெத்சுவோ குவாமுரா, இம்மீன் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிப்பது அரிதாகவே நடக்கிறது என்றும், குழாய்ப் புழுக்களின் உணர்கொம்புகளும் தரையில் இடப்பட்ட மீன் முட்டைகளுமே அதன் முதன்மை உணவு என்றும் எழுதினார். கிளிஞ்சல்களின் மென்சதையையும் அது கொறிக்கும். பின்னர், 2018இல் ஒகினாவா பவளப்பாறைகளில் நடந்த ஆய்வொன்றில் அவரும் பங்கேற்றார். துடுப்பைக் கடிப்பது பெரும்பாலும் சிறிய போலிகளின் வழக்கம் என்று அந்த ஆய்வு தெரிவித்தது. வளர்ந்த போலிகள், முட்டைகளைக் காவல் காக்கும் டாம்செல் மீன்களின் கூடுகளைக் கூட்டமாகச் சென்று சூறையாடுகின்றன. தனியாகச் சென்றால் காவல் மீன் எளிதில் விரட்டிவிடும். கூட்டமாகச் சென்றால் அதனால் சமாளிக்க இயலாது.

அப்படியானால் வேடம் எதற்கு? பாறையில் உள்ள பெரிய ஊனுண்ணி மீன்கள் துப்புரவு மீன்களைப் பெரும்பாலும் விழுங்குவதில்லை. அந்தப் பாதுகாப்பு, அதே உருவில் திரியும் போலிக்கும் கிடைக்கிறது என்பது ஒரு விளக்கம். சிறு வயதில் உணவுக்காகவும், வயது முதிர்ந்த பின் பாதுகாப்புக்காகவும் ஒரே உடை இருவிதமாகப் பயன்படுகிறது என்று கருதுவதே இன்றைய சான்றுகளுக்கு ஏற்றது.

அடையாளம் காண முயல்பவர்களுக்கு இதில் நடைமுறைப் பயன் ஒன்று இருக்கிறது. ‘துப்புரவு மீன்கள்’ பத்துப் பன்னிரண்டு சேர்ந்து ஒரு டாம்செல் மீனின் இருப்பிடத்தை மொய்ப்பதைக் கண்டால், அவை துப்புரவு மீன்களாக இருக்க வாய்ப்பில்லை. உண்மையான துப்புரவு மீன்கள் இளமையில் தனித்தும், வளர்ந்த பின் இணையாகவோ, ஓர் ஆணும் சில பெண்களும் கொண்ட சிறு குடும்பமாகவோ வாழ்பவை. அந்த ஆண் இறந்துவிட்டால் குழுவின் மிகப்பெரிய பெண் மீன் சில மணி நேரத்துக்குள் ஆணைப் போல் நடந்துகொள்ளத் தொடங்கி, சில வாரங்களில் முழுமையான ஆணாகவே மாறிவிடும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்?

ஒரு பாறையில் துப்புரவு மீன்கள் எத்தனை என்பது, அந்தப் பாறையில் மற்ற மீன்கள் எத்தனை வாழும் என்பதையும் பாதிக்கிறது. லிசார்ட் தீவில் 2000ஆம் ஆண்டு தொடங்கி எட்டரை ஆண்டுகள் நடந்த சோதனையில், சில சிறு பாறைத்திட்டுகளிலிருந்து துப்புரவு மீன்கள் தொடர்ந்து அகற்றப்பட்டன; வேறு சில திட்டுகள் அப்படியே விடப்பட்டன. முடிவில், துப்புரவு மீன் இல்லாத திட்டுகளில் நிலையாக வாழும் மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதமும் இனங்களின் எண்ணிக்கை 23 சதவீதமும் குறைவாக இருந்தன. விரல் நீள மீன் ஒன்று இல்லாமல் போனதன் விளைவு அது.

கணக்கெடுப்பில் போலியைத் துப்புரவு மீனாக எண்ணினால், சேவையே கிடைக்காத ஒரு பாறை நலமாக இருப்பதுபோல ஏட்டில் பதிவாகும். பாறைகள் நெருக்கடியில் உள்ள காலத்தில் இத்தகைய பிழையின் பாதிப்பு இன்னும் கூடுதல். லிசார்ட் தீவில் சூறாவளிகளுக்கும் 2016ஆம் ஆண்டின் பவள வெளிறலுக்கும் பின்னர் துப்புரவு மீன்களின் அடர்த்தி சராசரியாக 80 சதவீதம் சரிந்ததாக ஓர் ஆய்வு பதிவு செய்தது. இந்தியாவில், 2023 அக்டோபர் முதல் நீடித்த கடல் வெப்ப அலையால் லட்சத்தீவின் பவளப்பாறைகள் கடுமையாக வெளிறிவிட்டதாகக் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024 மே மாதம் தெரிவித்தது. அத்தகைய பாறைகளில் எந்த மீன் எஞ்சியுள்ளது என்பதைச் சரியாக எண்ணுவது அலங்கார வேலையன்று.

வண்ணமீன் வணிகத்திலும் இந்தக் குழப்பம் இழப்பைத் தருகிறது. துப்புரவு மீன் என்று நம்பி வாங்கப்படும் போலி, தொட்டியில் உள்ள மற்ற மீன்களின் துடுப்புகளைக் கிழிக்கத் தொடங்கும். தப்பிச்செல்ல இடமில்லாத தொட்டியில் அந்தக் காயங்கள் ஆறுவது கடினம். உண்மையான துப்புரவு மீனை வாங்குவதும் நல்ல தீர்வன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். கடலிலிருந்தே பெரும்பாலும் பிடித்து விற்கப்படும் இம்மீனுக்கு, வீட்டுத் தொட்டியில் நாளொன்றுக்கு ஆயிரம் ஒட்டுண்ணிகள் கிடைக்க வழியில்லை. வேறு உணவுக்குப் பழகாதவை மெலிந்து இறந்துவிடுகின்றன. பாறைக்கும் நட்டம், வாங்கியவருக்கும் நட்டம்.

குஞ்சுகளும் மூன்றாவது மீனும்

மேற்கூறிய அடையாளங்கள் வளர்ந்த மீன்களுக்கு உரியவை. துப்புரவு மீனின் குஞ்சு முற்றிலும் வேறு தோற்றம் உடையது: உடல் கறுப்பு, முதுகோரத்தில் பளிச்சிடும் ஒற்றை நீலக்கோடு. இந்தக் குஞ்சையும் ஒரு பிளென்னி நகலெடுக்கிறது. பிளாஜியோட்ரீமஸ் ரைனோரிங்கோஸ் என்ற அந்த மீனின் திறமை மற்ற இரண்டையும் மிஞ்சுவது. அருகில் துப்புரவு மீன் குஞ்சு இருந்தால் கறுப்பும் நீலமுமாக மாறிக்கொள்ளும். இல்லையென்றால் பழுப்பு, ஆரஞ்சு போன்ற வேறு நிறங்களை அணிந்து மற்ற மீன் கூட்டங்களுக்குள் கலந்துவிடும். இசபெல் கோட்டே, கேரன் செனி ஆகியோர் 2005இல் இதை வெளியிட்டனர். இதற்கும் வாய் மூக்கின் அடியில்தான் இருக்கிறது; நீலக்கோடும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். நீரில் அந்த இரண்டாவது கோட்டைத் தேடுவதே விரைவான வழி.

படம் தெளிவற்றதாகவோ, மீன் சிதைந்த நிலையிலோ இருந்தால் மரபணுச் சோதனை உதவும். ஏறத்தாழ 650 எழுத்துகள் நீளமுள்ள ஒரு மரபணுப் பகுதியைப் படித்து ஒப்பிடும் ‘டிஎன்ஏ பார்கோடிங்’ முறையில், துடுப்பின் சிறு துண்டு ஒன்றே போதும். ராஸும் பிளென்னியும் பரிணாமத்தில் வெகு தொலைவில் பிரிந்தவை என்பதால், வெளித்தோற்றம் எவ்வளவு ஒத்திருந்தாலும் இதில் இரண்டும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

முகமூடியும் சாதாரணக் கேமராவும் மட்டுமே உள்ளவர்கள், மேலிருந்து எடுக்கும் படங்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் வாய் தெரியாது. மீனின் மட்டத்துக்கு இறங்கி, பவளத்தை மிதிக்காமலும் தொடாமலும், பக்கவாட்டில் மூன்று நான்கு படங்கள் எடுத்தால் அவற்றில் ஒன்றிலாவது மூக்கின் நுனியும் குதத் துடுப்பின் தொடக்கமும் சேர்ந்து பதிவாகும்.